தாழ்த்திய காருக்குச் சில்லும் டயரும்: வாங்குமுன் அளக்க வேண்டியவை

காரைத் தாழ்த்தியவர் அடுத்துத் தேடுவது சில்லு. அலோய் வடிவாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவதில் பிழையில்லை. ஆனால் கடை வாசலில் வெறுங்காராக நிற்கும்போது பொருந்துகிற சில்லு, பின் சீற்றில் மூன்று பேரும் டிக்கியில் சாமானும் ஏறி, மாரி மழை தோண்டிய குழியொன்றில் இறங்கும்போது ஃபென்டர் விளிம்பில் உரசும். தாழ்த்திய காரில் டயரைச் சுற்றி மிஞ்சியிருக்கும் இடம் ஒரு விரல் தடிப்புத்தான். அந்த ஒரு விரல் எத்தனை மில்லிமீற்றர் என்று தெரிந்த பிறகே காசை எடுக்கவேண்டும்.

உயரம் முடிவாகாமல் அளக்காதீர்கள்

முதலில் ஸ்ப்ரிங், பிறகு அளவு, கடைசியில் சில்லு. இந்த ஒழுங்கை மாற்றினால் இரண்டு முறை செலவு வரும். புது லோவரிங் ஸ்ப்ரிங் பூட்டிய அன்று இருக்கும் உயரம் நிலையானதல்ல. சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு இன்னும் சில மில்லிமீற்றர் இறங்கி அமரும். ஆகவே ஒரு 500 கிலோமீற்றர் ஓடவிட்டு, சில்லின் நடு மையத்திலிருந்து ஃபென்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்ப்ரிங் தளர்ந்ததா, ஒரு பக்கம் சரிந்ததா என்று பார்க்க இந்த நான்கு எண்களும் உதவும்.

ஸ்ப்ரிங்கை வெட்டித் தாழ்த்திய காருக்கும், சூடுகாட்டி அமுக்கித் தாழ்த்திய காருக்கும் புதுச் சில்லு தெரிவுசெய்வதில் பயனில்லை. வெட்டிய ஸ்ப்ரிங் கார் ஜக்கில் தூக்கப்படும்போதோ பள்ளத்தில் சில்லு தொங்கும்போதோ இருக்கையை விட்டு நழுவலாம். சூடுபட்ட ஸ்ப்ரிங் உருக்கின் பதம் கெட்டு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். இன்று விட்ட 10 மி.மீ. இடைவெளி ஆறு மாதத்தில் இல்லாமல் போகும். அந்தக் காசை முதலில் நல்ல ஸ்ப்ரிங்குக்கும் அதற்கேற்ற ஷொக் அப்சோபருக்கும் கொடுங்கள். திருகோணமலை வீதிகளுக்கு 25 முதல் 30 மி.மீ. வரையான தாழ்வு போதும். அதற்கு மேல் போனால் ஊருக்குள் வேகத்தடை ஒவ்வொன்றும் தொல்லையாகிவிடும்.

தாழ்த்திய பிறகு சில்லு எப்படி நகர்கிறது என்பது காருக்குக் கார் வேறு. பழைய ஹொண்டா சிவிக் ஈகே போன்ற இரட்டை விஷ்போன் அமைப்பில் (மேலும் கீழுமாக இரண்டு கைகள் சில்லைத் தாங்கும்), கார் இறங்க இறங்கச் சில்லின் மேற்பக்கம் உள்ளே சாயும். அதனால் டயர் ஃபென்டருக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும். ஹொண்டா ஃபிட், சுசுகி ஸ்விஃப்ட், டொயோட்டா அக்சியோ ஆகியவற்றின் பின்பக்கம் டோர்ஷன் பீம், அதாவது இரு பின் சில்லுகளையும் இணைக்கும் ஒற்றைக் குறுக்குச் சட்டம். அங்கே அந்தச் சாய்வு ஏறக்குறைய இல்லை. டயர் நேராக மேலெழுந்து விளிம்பைச் சந்திக்கும். இந்தக் கார்களில் உரசல் கேட்டால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்.

காரில் ஏற்கெனவே இருக்கிற எண்கள்

நட் பூட்டும் வட்டத்தின் விட்டம் பிசிடி. நான்கு துளைச் சில்லில் எதிரெதிர் ஸ்டட் (நட் ஏறும் புரிக்கம்பி) இரண்டின் மையத்திலிருந்து மையம் வரை அளந்தால் அதுவே விடை. ஐந்து துளையில் நேராக அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டின் மைய இடைவெளி 58.8 மி.மீ. என்றால் பிசிடி 100, 67.2 மி.மீ. என்றால் 114.3, 65.8 மி.மீ. என்றால் 112. இந்தக் கடைசி எண் ஐரோப்பியக் கார்களுடையது. 5×112 சில்லை (ஐந்து துளை, பிசிடி 112) 5×114.3 ஹப்பில், அதாவது காரில் சில்லு அமரும் மையப் பகுதியில், நட்டை இறுக்கி ஏற்றிவிடலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். ஏறிவிடும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ஸ்டட்டும் ஒரு பக்கம் இழுபட்ட நிலையில் நிற்கும், நட் முழுதாக உட்காராது. ஓட ஓடத் தளர்ந்து ஸ்டட் முறியும்.

நடுத்துளையும் முக்கியம். டொயோட்டாவின் 4×100 ஹப் 54.1 மி.மீ.; ஹொண்டாவின் 4×100 ஹப் 56.1, ஹொண்டா 5×114.3 என்றால் 64.1. வெளியில் வாங்கும் சில்லுகளில் நடுத்துளை பெரும்பாலும் 67.1 அல்லது 73.1 ஆக இருக்கும், எல்லாக் காருக்கும் விற்கவேண்டும் என்பதால். இடைவெளியை நிரப்பச் சென்டர் ரிங் போடவேண்டும். ‘73.1க்கு 56.1’ என்பதுபோல இரண்டு எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். ரிங் இல்லாமல் பூட்டினால் சில்லு ஒரு மயிரிழை ஒதுங்கி நிற்கும். பலன்சிங் மெஷினில் எல்லாம் சரியாகக் காட்டும், ஆனால் கந்தளாய் வீதியில் 80ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும். திரும்பத் திரும்பப் பலன்ஸ் செய்தும் போகாத நடுக்கம் பலதுக்குக் காரணம் இந்த ஒரு வளையம்தான்.

நட்டின் புரியும் மாறும். டொயோட்டா, ஹொண்டா, மிற்சுபிசி கார்களில் எம்12×1.5 (ஸ்டட்டின் விட்டம் 12 மி.மீ., புரி இடைவெளி 1.5 மி.மீ.), நிசான், சுசுகி கார்களில் எம்12×1.25. மாறிப்போன நட் ஒன்றிரண்டு சுற்று ஏறி இறுகும். அப்போது காற்றுக் கன்னைப் பிடித்தால் ஸ்டட் போய்விடும். நட்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஹொண்டாவின் கொம்பனி நட் உருண்டை அடி; டொயோட்டாவின் கொம்பனி அலோய் நட் வாஷரோடு தட்டை அடி. வெளிச் சில்லுகள் அநேகமாக 60 பாகைக் கூம்பு அடிக்குச் செய்யப்பட்டவை. உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் இறுக்கினால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும். அந்தச் சில்லு கழராமல் இருக்குமென்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே சில்லோடு நட்டும் புதிதாக வாங்குவதாகவே கணக்குப் போடுங்கள்.

ஒஃப்செட்: முழு விஷயமும் இங்கேதான்

சில்லின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் அமரும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறது என்பதே ஒஃப்செட். சில்லின் உட்புறத்திலோ ஆரத்தின் (ஸ்போக்) பின்னாலோ ‘ஈடி45’, ‘+45’ என்று வார்த்திருக்கும். எண் குறையக் குறையச் சில்லு காருக்கு வெளியே வரும். கூடக் கூட உள்ளே போகும். அகலம் கூடினால் இரண்டு பக்கமும் வளரும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் சொல்லி வாங்குவதுதான் வழக்கமான தவறு.

காரில் இப்போது இருக்கும் இடத்தை அளக்க, மேசன்மார் பாவிக்கும் தூக்குக்குண்டு ஒன்று போதும். சமதரையில் காரை நிறுத்தி, காற்றைச் சரியாக வைத்து, ஸ்டியரிங்கை நேராக்கி, சில்லின் மையத்துக்கு நேர் மேலே ஃபென்டர் விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிடுங்கள். நூலுக்கும் டயரின் வயிறு பிதுங்கும் இடத்துக்கும் உள்ள தூரம் வெளி இடைவெளி. உள்ளே, டயருக்கும் ஷொக்கின் உடலுக்கும் இடையே ஸ்கேல் நுழையாது. 6, 8, 10 மி.மீ. துரப்பண அலகுகளின் மழுங்கிய முனையை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தால் அளவு கிடைக்கும். நான்கு சில்லையும் தனித்தனியே அளந்துகொள்ளுங்கள். முன்பு அடிபட்டுத் திருத்திய காரில் இடமும் வலமும் 5 மி.மீ. வேறுபடுவது அதிசயமல்ல. எது குறைவோ அதை வைத்தே கணக்கு.

கணக்கு இரண்டு வரி. டயரின் உண்மை அகலத்தில் பாதியிலிருந்து ஒஃப்செட்டைக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து வெளியே எவ்வளவு வருகிறது என்று தெரியும். கூட்டினால் உள்ளே எவ்வளவு போகிறது என்று தெரியும். ‘உண்மை அகலம்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ரிம் அரை அங்குலம் அகன்றால் அதே டயர் ஏறக்குறைய 5 மி.மீ. விரியும்.

ஒரு காரில் இப்போது 15×6 (விட்டம் 15, அகலம் 6 அங்குலம்), ஈடி45, 185 டயர் என்று வையுங்கள். அந்த ரிம்மில் டயர் ஏறக்குறைய 190 மி.மீ. பாதி 95. வெளியே 95−45=50; உள்ளே 95+45=140. தூக்குக்குண்டு காட்டும் வெளி இடைவெளி 18 மி.மீ. கடையில் 16×7, ஈடி35 சில்லு ஒரு செட் இருக்கிறது. அதில் 195 டயர் விரிந்து ஏறக்குறைய 205 வரும். பாதி 102.5. வெளியே 67.5, அதாவது முன்னையதைவிட 17.5 மி.மீ. வெளியே. மிச்சம் அரை மில்லிமீற்றர். நிற்கும்போது ஃபென்டரோடு ஒட்டினாற்போல மிக வடிவாகத் தெரியும். டோர்ஷன் பீம் காரில் பின் சீற்றில் ஆள் ஏறியதும் விளிம்பு டயரைச் சீவும்.

அதே 16×7, ஈடி45 என்றால் வெளியே 57.5. மிச்சம் 10.5 மி.மீ. உள்ளே 147.5, ஷொக் பக்கம் 7.5 மி.மீ. நெருங்கும். உள்ளே முன்பு 14 மி.மீ. இருந்திருந்தால் 6.5 மிஞ்சும், அது போதும். பத்துத்தான் இருந்தது என்றால் 7 அங்குலத்தை விட்டு 6.5க்கு வாருங்கள். 16×6.5, ஈடி45 இல் 195 டயர் ஏறக்குறைய 200 வரும்; இரண்டு பக்கமும் 5 மி.மீ. மட்டுமே கூடும். சிறிய, நடுத்தரக் கார்களில் குடும்பத்தோடு ஓடுபவர்களுக்கு இந்த 6.5 அங்குலமே எங்கள் பரிந்துரை. இன்னொரு நன்மையும் உண்டு. 7 அங்குல ரிம்மின் உதட்டிலிருந்து உதடு வரை ஏறக்குறைய 203 மி.மீ. 195 டயர் அதை மறைக்காது, வீதியோரக் கல்லில் முதலில் ரிம்தான் உரசும். 6.5இல் டயரின் வயிறு சற்று முன்னே நின்று ரிம்மைக் காக்கும்.

எவ்வளவு மிச்சம் வேண்டும்? டோர்ஷன் பீம் பின்பக்கத்தில் வெளியே 10 மி.மீ.க்குக் குறையாமல். முன்பக்கம் வெளியே 6 முதல் 8. ஷொக் உடலும் சில்லும் ஒன்றாகவே ஏறியிறங்குவதால் அங்கே 5 மி.மீ. போதும். பிரேக் குழாய், உள் லைனர் (ஃபென்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு) போன்ற தனியே அசையும் பொருட்களுக்கு 10 மி.மீ. விடுங்கள். பிரேக் கலிப்பருக்கும் ஆரத்துக்கும் 3 மி.மீ. பிள்ளைகளின் பிளாஸ்டிசின் களியைக் கலிப்பர் மேல் ஒட்டி, சில்லை மெல்ல ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், களி அமுங்கிய தடிப்பே இடைவெளி.

ஸ்பேசர் போட்டுச் சரிக்கட்டலாமா என்ற கேள்வி வரும். மெல்லிய தகட்டு ஸ்பேசர் ஹப்பின் நடுக் கழுத்தையும் ஸ்டட்டின் நீளத்தையும் விழுங்கும். நட் ஸ்டட்டின் விட்டமளவுக்காவது புரியில் ஏறியிருக்கவேண்டும்: 1.5 புரியில் 8 முழுச் சுற்று, 1.25 புரியில் 10. விரலால் சுற்றி எண்ணுங்கள். குறைந்தால் நீண்ட ஸ்டட் மாற்றவேண்டும், அல்லது ஸ்பேசரை மறக்கவேண்டும். சரியான ஒஃப்செட் சில்லைத் தேடிக் காத்திருப்பது இரண்டையும்விட நல்லது.

டயரின் அளவு

தாழ்த்திய காரில் டயரின் மொத்த விட்டம் கொம்பனி அளவைத் தாண்டவே கூடாது. 185/60 ஆர்15 டயரின் விட்டம் 603 மி.மீ. (185இன் 60 வீதம் 111, இரு பக்கம் 222, ரிம் 381.) அதே காருக்கு 195/50 ஆர்16 என்றால் 601.4. வேகமானியும் கிட்டத்தட்ட அசையாது. 205/45 ஆர்17 என்றால் 616; தாழ்த்தி எடுத்த இடத்தில் ஏழு மில்லிமீற்றரை டயரே தின்றுவிடும், ஸ்டியரிங்கை முழுதாக வெட்டும்போது லைனரில் உரசும். மறுபக்கம் 195/50 ஆர்15 என்றால் 576. கார் மேலும் 13 மி.மீ. தாழும், ஓடோமீற்றர் ஏறக்குறைய 4.7 வீதம் கூடுதலாக எண்ணும்.

பக்கச் சுவரின் உயரமும் எண்ணிப் பாருங்கள். 195/50இல் 97 மி.மீ.; 205/40இல் 82. தாழ்த்திய காரில் ஸ்ப்ரிங் அசைய இடம் குறைவு, ஆகவே குழியின் அடியை வாங்குவது டயர். ஏ6 நெடுஞ்சாலை வழவழப்பாக இருக்கலாம். ஊருக்குள் குழாய்க்கு வெட்டி மூடிய பள்ளமும் மழைநீர் மறைத்த குழியும் இருக்கவே செய்யும். 90 மி.மீ.க்குக் குறைந்த சுவர் அங்கே பிதுங்கி வீங்கும், ரிம்மின் உள் உதடு வளையும். 16 அங்குலத்தோடு நில்லுங்கள்.

டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் பார எண்ணை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவேண்டும். 84 என்றால் டயர் ஒன்றுக்கு 500 கிலோ. 82 என்றால் 475. 88 என்றால் 560. கொம்பனி டயரின் எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். சிறிய டயரில் ‘84 எக்ஸ்எல்’ என்றிருந்தால் அந்த 500 கிலோவைக் கூடிய காற்றில்தான் சுமக்கும். கதவோரத்தில் எழுதியிருக்கும் அழுத்தத்தோடு 3 முதல் 4 பிஎஸ்ஐ கூட்டவேண்டும். காற்றைக் காலையில், ஓடுமுன் பாருங்கள். நண்பகல் வெயிலில் நிலாவெளியிலிருந்து திரும்பி வந்து ‘காற்றுக் கூடிவிட்டது’ என்று திறந்துவிடுவது பிழை.

பாவித்த சில்லு, பாவித்த டயர்

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சில்லுகளில் நல்லவை உண்டு. உட்புறத்தில் ‘ஜேடபிள்யூஎல்’ என்ற வார்ப்புக் குறி இருக்கிறதா பாருங்கள்; அது ஜப்பானிய அலோய் தரக் குறி. சில்லைக் கவிழ்த்து உள் உதட்டை விரலால் முழுதும் தடவுங்கள். வளைவும் நெளிவும் கண்ணைவிட விரலுக்கு முதலில் தெரியும். உட்பீப்பாயில் பளபளப்பான மணல் கீறலோ தனி நிறப் பெயின்றோ தெரிந்தால் வெடிப்பை வெல்டிங் செய்து மறைத்திருக்கலாம். அதை விட்டுவிடுங்கள். வெறுஞ் சில்லை பலன்சிங் மெஷினில் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

அதோடு சேர்த்துத் தரும் டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: ‘2319’ என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பூ ஆழமாக இருந்தாலும் ஆறு வருடம் கடந்த டயரைத் தாழ்த்திய காருக்குப் போடாதீர்கள். எங்கள் வெயிலில் இறப்பர் காய்ந்து, சுவரில் நூல்போல வெடிப்பு விடும். தாழ்த்திய காரில் அந்தச் சுவருக்குத்தான் வேலை அதிகம்.

பூட்டும் நாள்

முதலில் முன்னும் பின்னும் ஒவ்வொரு சில்லை மட்டும், முடிந்தால் டயரோடு, ஏற்றிப் பாருங்கள். டயர் ஏற்றிய சில்லைக் கடை திருப்பி எடுக்காது என்பதால் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஹப் முகத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். ரிங்கைப் போட்டு, நட்டுகளைக் கையால் முழுதும் ஏற்றி, எதிரெதிர் ஒழுங்கில் டோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள்: டொயோட்டாவுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவுக்கு 108. ஸ்டட்டுக்கு எண்ணெயோ கிறீசோ பூசக் கூடாது. பூசினால் அதே அளவில் இறுக்கும்போதே ஸ்டட் நீண்டுவிடும்.

பிறகுதான் உண்மைச் சோதனை. ஃபென்டரின் உள் விளிம்பிலும் லைனரிலும் சோக்குப் பூசுங்கள். பின்னால் மூன்று பேரும் முன்னால் இரண்டு பேரும் ஏறட்டும். வெறும் இடத்தில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக வெட்டி முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒரு மூலையை மட்டும் தாழ்ந்த திட்டியில் மெல்ல ஏற்றி இறக்குங்கள். உவர்மலை ஏற்ற இறக்கத்தில் ஒரு சுற்று, வேகத்தடை நான்கைந்து. இறங்கிப் பார்த்துச் சோக்கு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே தொட்டிருக்கிறது. கந்தளாய் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். வந்ததும், சில்லு ஆறிய பிறகு, நட்டுகளை அதே அளவில் மறுபடி பாருங்கள்.

வீல் எலைன்மன்ட் கட்டாயம். தாழ்த்தும்போது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சில்லுகள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, மாறிவிடும். அதைத் திருத்தாமல் ஓடினால் டயரின் உள் விளிம்பு சில ஆயிரம் கிலோமீற்றரில் கம்பி தெரியத் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் பூ நன்றாகவே இருக்கும். சாய்வு கூடியதால்தான் தேய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சாய்வும் தேய்க்கும், ஆனால் டோ பிழைத்தால் அதைவிட வேகமாகத் தின்னும்.

உரசினால்

லைனரில் மட்டும் இலேசாகத் தொட்டால், அந்த இடத்தை வெந்நீர் ஊற்றியோ ஹீட் கன் பிடித்தோ இளக்கி உள்ளே தள்ளலாம். ஷொக்கில் தொட்டால் சில்லு பிழை; மாற்றவேண்டும். பின் ஃபென்டர் விளிம்பில் தொட்டால் உள் உதட்டை மடிக்கும் வேலை உண்டு. பெயின்றைச் சூடாக்கி, உருளையால் கொஞ்சங் கொஞ்சமாக மடிக்கவேண்டும். சுத்தியலால் தட்டினால் வெளித்தகடு நெளியும். அந்த உதட்டில் இரண்டு தகடுகள் சேர்ந்திருக்கின்றன. மடித்ததும் இடையிலுள்ள சீலர் வெடிக்கும். கடற்கரை ஊரில் அந்த வெடிப்பு உப்புக்குத் திறந்த கதவு. மடித்த அன்றே பிறைமரும் புதுச் சீலரும் பூசாவிட்டால், ஒரு மாரி கழியுமுன் பெயின்றுக்கு அடியில் துரு குமிழ் விடும்.

சில்லுக்கும் அதே உப்புத்தான் எதிரி. முகத்தைக் கடைந்து மினுக்கிய சில்லுகளில் மேற்பூச்சு ஒரு கல் பட்டுப் பெயர்ந்தாலே, அங்கிருந்து வெள்ளைப் புழுப்போல அரிப்பு ஓடும். முழுதும் பெயின்ற் அடித்த சில்லு இங்கே நீண்ட காலம் நிற்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போய் வந்தால் சில்லின் உட்பீப்பாயையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஹப் முகத்தில் மட்டும் ஒட்டுத்தடுப்புப் பசையை மெல்லியதாகப் பூசினால், அலுமினியமும் இரும்பும் பிணைந்து சில்லு கழராமல் போவது தவிரும். டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும், டயர் அமரும் ரிம் விளிம்பில் படிந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு 3, 4 பிஎஸ்ஐ இறங்கும் காரணம் தெரியாத காற்றுக் கசிவு பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.